எதில் எட்டில் ஒன்று?

 

இம்மாதம் உங்கள் முன் ஒரு கணக்கை வைக்கிறேன். தாளும் பேனாவும் அருகில் இருந்தால் எடுத்துக் கொள்ளுங்கள். இல்லையேல் அடுக்களையிலிருந்து 72 புளியங்கொட்டைகளை அள்ளி வந்தாலும் போதும். வீட்டில் ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படிக்கும் பிள்ளை இருந்தால் அருகே அமர்த்திக் கொள்ளுங்கள்.

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்டதோர் ஊர். ஊரின் பெயர் நமக்கு வேண்டாம். அங்கே ஒருவர் வஃபாத்தானார். அவர் விட்டுச் சென்றது 72 சென்ட் புன்செய் நிலம். கடன் இல்லை, மஹர் பாக்கி இல்லை, வஸிய்யத்தும் இல்லை. வாரிசுகள் நால்வர்: தாய், மனைவி, ஒரு மகன், ஒரு மகள். பிள்ளைகள் இருவரும் முன்பே காலமாகிவிட்ட முதல் மனைவிக்குப் பிறந்தவர்கள். பின்னர் மணந்து கொண்ட இந்தச் சகோதரிக்குப் பிள்ளைப் பேறு இல்லை.

பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுவதற்கு முன்னால் பங்குகளைக் கணக்கிட்டுக் கொடுத்தவர், அக்குடும்பத்தின் உறவினரான ஓர் இளைஞர். நடுநிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர். சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதியவர். ஆதலால், ‘ஹஜ்ரத் ஒருமுறை பார்த்து விட்டால் நல்லது’ என்று தாளை என்னிடம் கொண்டு வந்தார். தாளில் இருந்தது இதுதான்:

தாய்க்கு 6-இல் 1 பங்கு: 12 சென்ட். மீதி 60. மனைவிக்கு 8-இல் 1 பங்கு: 60-ஐ 8-ஆல் வகுக்க ஏழரை சென்ட். மீதி ஐம்பத்திரண்டரை. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதப்படி மகனுக்கு 35, மகளுக்குப் பதினேழரை. நான்கையும் கூட்டினால் 72.

வகுத்தல் சரி. கழித்தல் சரி. கூட்டிப் பார்த்தாலும் ஒரு குழிமண்கூடக் குறையவில்லை. ஆயினும் கணக்கு பிழையானது!

எங்கே பிழை என்று கண்டு கொண்டீர்களா? அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12 ஆகிய வசனங்களில் அல்லாஹ் விதித்த பங்குகள் யாவும் மொத்தச் சொத்தைக் குறித்தவை. தாய்க்குரிய ஆறில் ஒன்றும் 72-இல்தான். மனைவிக்குரிய எட்டில் ஒன்றும் அதே 72-இல்தான். தாய்க்குக் கொடுத்து விட்டு, எஞ்சியதில் மனைவிக்கு எட்டில் ஒன்று என்பதல்ல. ஆக, தாய்க்கு 12, மனைவிக்கு 9, மகனுக்கு 34, மகளுக்கு 17. கூட்டினால் இதுவும் 72!

கணவரை இழந்த அச்சகோதரிக்கு வரவேண்டியது 9 சென்ட். தாளில் வந்தது ஏழரை. குறைந்தது ஒன்றரை சென்ட்தானே என்று எண்ணி விடாதீர்கள். சென்டுக்கு 435.6 சதுர அடி. ஒன்றரை சென்ட் என்றால் 650 சதுர அடிக்கும் மேல். ஒரு கூடமும் ஓர் அறையும் சமையற்கட்டும் கட்டிக் கொண்டு ஒரு பெண்மணி தம் எஞ்சிய வாழ்நாளைக் கழிக்கப் போதுமான மண். அது எவருடைய வஞ்சகத்தாலும் பறி போகவில்லை. நல்ல எண்ணம் கொண்ட ஒருவர் நல்ல முறையில் போட்ட கணக்கினால் போகவிருந்தது.

பிழையைச் சுட்டியபோது அவர் வாதிடவில்லை. தாளையே நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்து விட்டு, “‘இன்’ என்று வந்தால் பெருக்கு என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள், ஹஜ்ரத். நானும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லித் தருகிறேன். எதில் என்று கேட்க வேண்டும் என எவரும் சொல்லவில்லை” என்றார்.

நான் கலைப் பட்டதாரி. கணிதம் எனக்குத் தொழிலன்று. ஃபராயிள் கலையை ‘ஸிராஜி’ நூலின் துணையோடு ஓதியதால் இப்பிழை என் கண்ணில் பட்டது. இல்லையேல் நானும் தலையை அசைத்து அனுப்பியிருப்பேன். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் பல நாட்கள் என்னை விடவில்லை. பட்டம் பெற்றவர், பயிற்சி பெற்றவர், தேர்வில் தேறியவர், நாள்தோறும் ஐந்து பாடவேளை கணிதம் நடத்துபவர். அவருக்கு நாம் கொடுத்த பயிற்சியில் எங்கே ஓட்டை?

பயிற்சிக் கூடத்தில் என்ன நடக்கிறது?

அவரிடமே கேட்டேன். தாம் சென்று வந்த ஒரு பயிற்சியைப் பற்றிச் சொன்னார். இரண்டு நாட்கள். கருத்தாளர் வந்தார், அட்டை, கோந்து, கத்தரிக்கோல் வழங்கப்பட்டன. வண்ணத்தாளில் முக்கோணம் வெட்டினார்கள். குழுக்களாகப் பிரிந்து விளக்கப்படம் எழுதினார்கள். தேநீர் வந்தது. பின்னூட்டப் படிவம் நிரப்பினார்கள். புகைப்படம் எடுத்துக் கொண்டார்கள். “இரண்டு நாளில் நாங்கள் யாரும் உட்கார்ந்து ஒரு கணக்கையும் போடவில்லை” என்றார்.

எல்லாப் பயிற்சியும் இப்படித்தான் என்று நான் கூறவில்லை, அது நியாயமுமன்று. தமிழ்நாட்டைப் போல ஆசிரியர் பயிற்சிக்கு அமைப்புகளை உருவாக்கி வைத்த மாநிலங்கள் குறைவு. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையையொட்டி மாவட்டம்தோறும் ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. 2001-க்குப் பின் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் வட்டார வள மையங்களும், அவற்றின் கீழே குறுவள மையங்களும் வந்தன. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் தொடக்க வகுப்புகளில் பரவிற்று. அதன் தொடர்ச்சியாக மேல் வகுப்புகளுக்குப் ‘படைப்பாற்றல் கல்வி’ வந்தது. மனவரைபடம் வரையும் அம்முறை சமூக அறிவியலுக்குப் பொருந்திய அளவு கணிதத்திற்குப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம்.

கொரோனா காலத்தில் பள்ளிகள் பூட்டப்பட்ட பின், ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தது நம் மாவட்டத்தில்தான். 2021 அக்டோபர் 27 அன்று, மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கற்பிக்க இலட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் முன்வந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. 2025-இல் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பது வரை பின்தங்கியோருக்கென ‘திறன்’ திட்டம் வந்தது. முயற்சிகளுக்குக் குறைவில்லை.

ஆனால், பயிற்சி எப்படி வந்து சேர்கிறது என்று பாருங்கள். மாநில அளவில் சிலருக்கு ஐந்து நாள் பயிற்சி. அவர்கள் மாவட்டத்தாருக்கு மூன்று நாள். மாவட்டத்தார் வட்டாரத்தாருக்கு இரண்டு நாள். குறுவள மையத்தில் ஆசிரியருக்கு ஒரு நாள் என்பதுபோல் அடுக்கடுக்காக இறங்கி வருகிறது. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் நீர் விளாவிக் கடைசியில் மோர் வெறும் தண்ணீராகி விடுகிறது. விளையாட்டும் பாட்டும் அட்டையும் எளிதில் கை மாறுகின்றன. ‘ஏன்’ என்ற விளக்கம்தான் வழியில் உதிர்ந்து போகிறது.

இன்னொன்றும் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு மொழிக்கு ஓர் ஆசிரியர், சமூகவியலுக்கு ஓர் ஆசிரியர், அறிவியலுக்கும் கணிதத்திற்கும் சேர்த்து ஓர் ஆசிரியர் குறைந்தபட்சமாக இருக்க வேண்டும் என்கிறது. இரண்டையும் ஒருவர் தலையில் சுமத்தினால், தாவரவியலோ விலங்கியலோ படித்தவர் விகிதசமம் நடத்த நேரும். அவரைக் குறை கூறிப் பயனில்லை. கல்லூரியில் மூன்றாண்டுகள் கணிதம் பயின்றவருக்கும் ஏழாம் வகுப்புப் பின்னத்தை எப்படி விளக்குவது என்று எவரும் கற்பித்திருக்க மாட்டார்கள். அது வேறோர் அறிவு.

தகுதித் தேர்வு இருக்கிறதே என்பீர்கள். 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வில் எழுதியவர்களில் ஒரு சதவிகிதம் பேர்கூடத் தேறவில்லை என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றம், ஓய்வு பெற ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் பணியில் நீடிக்க இரண்டாண்டுகளுக்குள் அத்தேர்வில் தேற வேண்டுமென்று கூறியது. சிறுபான்மைப் பள்ளிகளைப் பற்றிய கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. தேர்வு வேண்டியதுதான். ஆனால் நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் தேர்வு, ஆசிரியருக்குக் கணக்குப் போடத் தெரியுமா என்பதைக் காட்டும். பிள்ளை தவறாகப் போட்ட கணக்கைக் கண்டு அவன் மனத்தில் எங்கே முடிச்சு விழுந்தது என்று சொல்ல முடியுமா என்பதைக் காட்டாது.

ஒன்றேமுக்கால் படி அரிசி

1999-இல் லீப்பிங் மா என்ற சீன அம்மையார் ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்க ஆசிரியர் 23 பேரையும் சீன ஆசிரியர் 72 பேரையும் (பார்த்தீர்களா, இங்கும் 72!) சந்தித்து அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று: ஒன்றேமுக்காலை அரையால் வகுத்தால் எவ்வளவு? அதைக் குறிக்கும்படி ஒரு கதைக் கணக்குச் சொல்லுங்கள்.

சீன ஆசிரியர்கள் அனைவரும் சரியான விடை கூறினர். விடை காண முயன்ற அமெரிக்க ஆசிரியர்களில் பாதிப்பேர்கூட முழுமையாகச் செய்து முடிக்கவில்லை. கதைக் கணக்கில்தான் பெரிய வேறுபாடு. சீனர்களில் 65 பேர் பொருத்தமான கதை சொன்னார்கள். அமெரிக்கர்களில் ஒரே ஒருவர். மற்றவர்களில் பலர் ‘அரையால் வகு’ என்பதை ‘இரண்டு பேருக்குப் பாதி பாதியாகப் பங்கிடு’ என்று கொண்டு விட்டார்கள். சீன ஆசிரியர்களோ அமெரிக்கர்களைவிடக் குறைந்த ஆண்டுகளே பள்ளிக் கல்வி பெற்றவர்கள். ஆனால் பணியில் சேர்ந்த பின்னர், ஒரே அறையில் கூடி அமர்ந்து பாடநூலை வரி வரியாக விவாதிக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தது.

நம் இளைஞரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். “தலைகீழாக்கிப் பெருக்கினால் மூன்றரை” என்று உடனே விடை வந்தது. கதை? தயங்கினார். அப்போது உள்ளேயிருந்து என் தாயார் சொன்னார்கள்: “ஒன்றேமுக்கால் படி அரிசியை அரைப்படியால் அளந்து போட்டால் எத்தனை தடவை வரும்? மூன்று தடவையும் அதில் பாதியும்.” என் தாயார் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள்!

எண்ணிப் பாருங்கள். அரைப்படி, உழக்கு, மரக்கால் என்று அளந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்குப் பின்னம் என்பது கையில் இருந்தது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியும் பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் மனப்பாடம் செய்வித்தார்கள். 320-இல் ஒன்று முந்திரி, 80-இல் ஒன்று காணி, 40-இல் ஒன்று அரைமா, 20-இல் ஒன்று மா என்று தமிழில் பின்னங்களுக்குப் பெயரே இருந்தது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இக்கல்வி முறையை ஆராய்ந்த செந்தில் பாபு, 2022-இல் இதைப் பற்றியே ஒரு பெருநூல் எழுதியுள்ளார். மனப்பாடத்திற்குப் பிறகு ‘கணக்கதிகாரம்’ போன்ற நூல்களின் வழியே நிலமும் நெல்லும் பொன்னும் அளக்கும் புதிர்க் கணக்குகள் வந்தன. அக்கல்வி எல்லாச் சாதியாருக்கும் கிட்டியதில்லை, பெண்களுக்குப் பெரும்பாலும் கிட்டவேயில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், கணக்கு என்றால் எதையேனும் அளப்பது என்ற எண்ணம் அதில் இருந்தது.

அது மட்டுமா? நாம் கொடுக்கும் ஜகாத் 40-இல் ஒன்று. தமிழில் அது அரைமா. நீர் இறைத்து விளைவித்த பயிருக்கு 20-இல் ஒன்று. அது ஒரு மா. மழை நீரால் விளைந்ததற்கு 10-இல் ஒன்று; இரண்டு மா. விளைச்சலின் வகை, அளவு ஆகியவற்றில் மத்ஹபுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது, நம் பிள்ளைகள் படிக்கும் சதவிகிதப் பாடத்திற்கும் நம் இல்லத்துக் கடமைக்கும் இடையே ஒரு கதவு இருக்கிறது; அதை எவரும் திறந்து காட்டுவதில்லை என்பதைத்தான். ஜகாத்திலும் அதே கேள்வி எழுகிறது: எதில் இரண்டரை சதவிகிதம்? நிஸாபைத் தாண்டிய மிச்சத்தில் மட்டுமா? மாதச் சம்பளத்திலா? ஓராண்டு நிறைந்த முழுத் தொகையிலா? முழுத் தொகையில் என்பது தெரியாமல் மிச்சத்திற்கு மட்டும் கணக்கிட்டு வருபவர்களை நான் கண்டிருக்கிறேன்.

கடைத்தெருவும் கரும்பலகையும்

பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ ஆகியோரும் அவர்களுடைய துணைவர்களும் கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறார் ஆயிரம் பேருக்கும் மேலாகச் சந்தித்து நடத்திய ஆய்வு 2025-இல் வெளிவந்தது. எண்ணூறு கிராம் உருளைக்கிழங்கும் 1.4 கிலோ வெங்காயமும் வாங்கினால் விலை எவ்வளவு, மீதி எவ்வளவு என்று மனக்கணக்காகச் சொல்லும் பிள்ளைகள், அதைவிட எளிய வகுத்தலைத் தாளில் கொடுத்தால் திகைத்து நின்றார்கள். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளோ தாளில் செய்தார்கள். கடைக் கணக்கில் தடுமாறினார்கள். பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் இளநீர் விற்ற சிறுவர்களிடம் 1985-இலேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

தாளில் செய்வதாவது எல்லோருக்கும் வருகிறதா என்றால், அதுவும் இல்லை. ‘அசர்’ என்ற கல்வி ஆய்வு 2024-இல் நாட்டின் கிராமங்களில் கண்டது: மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாதிக்கும் குறைவு.

ஆகவே கரும்பலகையிலிருந்து கடைத்தெருவுக்கும், கடைத்தெருவிலிருந்து கரும்பலகைக்கும் பாலம் போடத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். சென்னை கணித அறிவியல் நிறுவனப் பேராசிரியர் ரா. ராமானுஜம் தலைமையில் 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்திற்காகக் கூடிய குழு, நம் கணிதக் கல்வியின் நோய்களாக நான்கைச் சொல்லிற்று: பிள்ளைகளின் அச்சம், எவருக்கும் நிறைவளிக்காத பாடத்திட்டம், மொட்டையான தேர்வு முறை, ஆசிரியருக்குப் போதிய ஆயத்தமும் ஆதரவும் இன்மை. நான்காவது தீராமல் முதல் மூன்றும் எப்படித் தீரும்?

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். கலீஃபா மஃமூனின் காலத்தில், பக்தாதில், முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ (ரஹ்) எழுதிய ‘அல்ஜப்ர் வல்முகாபலா’ நூலிலிருந்துதான் ‘அல்ஜீப்ரா’ என்னும் பெயரே வந்தது. அந்நூல் எதற்காக எழுதப்பட்டது? வாரிசுரிமை, வஸிய்யத்து, பாகப்பிரிவினை, வழக்கு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு நேரும் தேவைக்காக என்று அவரே முன்னுரையில் கூறுகிறார். நூலில் ஏறக்குறையப் பாதி, வஸிய்யத்தும் வாரிசுரிமையும் பற்றிய கணக்குகள்! நாம் அவர் பெயரைச் சொல்லி மேடையில் பெருமை பேசுகிறோம். அவர் போட்ட கணக்கை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் போடுவார்கள்? அவருக்குப் பின் வந்த அபுல் வஃபா அல்பூஸ்ஜானி (ரஹ்), எழுத்தர்களுக்கும் வணிகர்களுக்கும் ஒரு கணித நூல் எழுதினார். அவர்கள் விரல்விட்டு எண்ணிப் பழகியவர்கள் என்பதால், எண்குறியே இல்லாமல் நூல் முழுவதையும் சொற்களாலேயே எழுதினார். கற்பவர் எங்கே நிற்கிறாரோ அங்கே இறங்கி வந்து கற்பிப்பது என்றால் இதுவன்றோ!

வட்டிப் பாடத்தை என்ன செய்வது?

ஒரு பெற்றோர் ஒருமுறை என்னிடம், “தனிவட்டி, கூட்டுவட்டிப் பாடத்தை என் மகன் படிக்கலாமா?” என்று கேட்டார். வட்டி வாங்குவதும் கொடுப்பதும் ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நஞ்சு எது என்று அறியாதவன் அதை எப்படித் தவிர்ப்பான்?

நம் பகுதியில் ‘நூறு நாள் தண்டல்’ என்று ஒன்று உண்டு. பத்தாயிரம் ரூபாய்க் கடனில் 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்துக் கொண்டு கையில் 8,500 கொடுப்பார்கள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாளில் 10,000 கட்ட வேண்டும். ‘பதினைந்து சதவிகிதம்தானே’ என்று நம் தாய்மார்களும் வாங்கி விடுகிறார்கள். இங்கே கேளுங்கள்: எதில் பதினைந்து? கையில் வந்தது 8,500. 1,500 என்பது அதில் பதினேழரைச் சதவிகிதத்திற்கும் அதிகம். அந்த 8,500-உம் நூறு நாளும் கையில் இருக்கவில்லை. நாள்தோறும் குறைந்து கொண்டே வந்தது. சராசரியாகப் பார்த்தால் கையில் இருந்தது அதில் பாதி, 4,250. அப்படியானால் நூறு நாளைக்கு 35 சதவிகிதம். ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் நூற்றையும் தாண்டி ஓடுகிறது! கந்து வட்டியைத் தடுக்க 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. தண்டல்காரர் வாசலில் இருக்கிறார். இந்தக் கணக்கை ஏழாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் போட்டுக் காட்டினால் எந்தப் பெற்றோரும் பாடத்தைக் குறித்து வருந்த மாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஆடித் தள்ளுபடியும் அப்படியே. ‘20 சதவிகிதம், அதற்கு மேல் 10 சதவிகிதம்’ என்ற விளம்பரத்தைக் கண்டு 30 என்று எண்ணி நுழைகிறோம். ஆயிரம் ரூபாய்ப் புடவை 800 ஆகி, 800-இல் பத்து சதவிகிதம் போய் 720 ஆகிறது. தள்ளுபடி 28. கடைக்காரர் செய்தது தவறன்று. இரண்டாம் தள்ளுபடி எஞ்சியதில்தான். ஆனால் தாய்க்கும் மனைவிக்கும் அப்படியன்று. எது மொத்தத்தில், எது மிச்சத்தில் என்று பிரித்தறிவதே இப்பாடத்தின் உயிர். நம் ஷரீஅத்திலேயே இரண்டும் உண்டு: முதலில் அடக்கச் செலவு, பின் கடன், மிச்சத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத்து, அதற்கும் பின் எஞ்சியதே வாரிசுகளுக்கு மொத்தம். அதுவரை படிப்படியாக இறங்கும் கணக்கு, வாரிசுகளிடம் வந்ததும் அனைவருக்கும் ஒரே சமயத்தில் பங்கு தரும் கணக்காக மாறி விடுகிறது.

தக்ரார்

என்னிடம் தாளைக் கொண்டு வந்த இளைஞர் அதோடு நிற்கவில்லை. மஃரிபுக்குப் பின் வாரம் ஒருமுறை வரத் தொடங்கினார். பிறகு தம்மோடு பணியாற்றும் இருவரை, முஸ்லிமல்லாத ஓர் ஆசிரியை உட்பட, ஒரு ஞாயிறு காலையில் அழைத்து வந்தார். நான் அவர்களுக்குக் கணிதம் கற்பிக்கவில்லை. அதற்கு எனக்குத் தகுதியுமில்லை. மதரஸாக்களில் நாங்கள் செய்யும் தக்ராரைச் சொன்னேன். உஸ்தாது நடத்திய பாடத்தை மாணவர்கள் பின்னர் கூடி அமர்ந்து, ஒருவர் உஸ்தாதாக இருந்து திரும்ப நடத்துவார். மற்றவர்கள் கேள்வி கேட்டுத் திணறடிப்பார்கள். எவருக்கு எங்கே விளங்கவில்லை என்பது அரை மணியில் தெரிந்து விடும். ஜப்பானிய ஆசிரியர்களும் இதைப் போன்றே செய்கிறார்கள்: ஒரு பாடத்தைச் சிலர் சேர்ந்து ஆயத்தம் செய்து, ஒருவர் வகுப்பில் நடத்த, மற்றவர்கள் பின்னால் நின்று பிள்ளைகளின் முகத்தையும் நோட்டையும் கவனித்து, பிறகு கூடிப் பேசுகிறார்கள்.

முதல் ஞாயிறு எடுத்துக் கொண்டது பங்குகள் மொத்தத்தை மீறும் ஒரு கணக்கு. மனைவி, இரு மகள்கள், தந்தை, தாய். மொத்தத்தை 24 என்று கொண்டால் மனைவிக்கு 3, மகள்களுக்கு 16, தந்தைக்கு 4, தாய்க்கு 4. கூட்டினால் 27! இருப்பதோ 24. “யாருக்குக் குறைப்பது?” என்று அந்த ஆசிரியை கேட்டார். ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றபடியே இதற்கு விடை கூறியதாக அறிவிக்கப்படுகிறது: எவருக்கும் தனியாகக் குறைக்க வேண்டாம், சொத்தையே 27 கூறாக்குங்கள். மனைவிக்கு 27-இல் 3, அதாவது எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாயிற்று. அனைவருக்கும் ஒரே விகிதத்தில் குறைந்தது. ஆசிரியை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “விகிதசமப் பாடத்தை எட்டு வருடமாக நடத்துகிறேன், இப்படி ஒரு தேவைக்காக அது இருக்கிறது என்று தெரியாது” என்றார்.

மூவரும் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக் கொண்டார்கள். ஒவ்வொரு பாடத்திற்கும் முன்னால் மூன்று வேலைகள்: தாங்களே கணக்கைப் போட்டுப் பார்ப்பது, அதற்கு ஊரிலிருந்து ஒரு கதை எழுதுவது, பிள்ளைகள் சென்ற முறை செய்த தவறுகளை நோட்டுகளிலிருந்து எடுத்து வந்து, ‘ஏன் இப்படிப் போட்டான்?’ என்று பேசுவது. மூன்றாவதுதான் கடினம்; அதில்தான் பயனும் அதிகம். ‘காலுடன் மூன்றில் ஒன்றைக் கூட்டினால் ஏழில் இரண்டு’ என்று எழுதிய பையன் முட்டாளல்லன். மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டுவது அவனுக்கு நியாயமாகப் பட்டிருக்கிறது. கால் படியும் மூன்றில் ஒரு படியும் சேர்ந்து, அந்த மூன்றில் ஒன்றைவிடக் குறைந்து போகுமா என்று அவனைக் கேட்டால் அவனே சிரித்து விடுவான். தவறு என்று சிவப்பு மையால் சுழித்தால் சிரிக்க மாட்டான்.

இதற்கு அரசாணை வேண்டியதில்லை; ஆனால் நேரம் வேண்டும். ஆசிரியர்களின் நேரத்தைப் பதிவேடுகளும் செயலிகளும் தின்று கொண்டிருக்கின்றன. நம் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் பள்ளிகளின் நிர்வாகிகள் இதைப் படிப்பீர்களானால், ஆண்டு விழாவின் பந்தல் செலவில் ஒரு பகுதியை ஆசிரியர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை இப்படிக் கூடி அமர ஒதுக்குங்கள். வேறு பள்ளி ஆசிரியர்களையும் அழையுங்கள். இல்லத்தரசிகளே, உங்கள் பிள்ளையின் ஆசிரியரிடம் ‘எத்தனை மதிப்பெண்?’ என்று மட்டும் கேளாமல், ‘அவன் எந்தக் கணக்கில் எப்படித் தவறினான்?’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நல்ல ஆசிரியர் மகிழ்வார்.

அந்த 72 சென்ட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பத்திரம் அதுவரை பதிவாகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். இளைஞரே முன்னின்று குடும்பத்தாரிடம் தம் பிழையைச் சொன்னார். மகன் சிறிது முகம் சுளித்தாலும், பாட்டியார் ‘அவள் பங்கு அவளுக்கு’ என்று முடித்து விட்டார்கள். 9 சென்ட் அச்சகோதரியின் பெயரில் எழுதப்பட்டது.

அடுத்த வாரம் அவர் ஏழாம் வகுப்பில் 72 புளியங்கொட்டைகளைக் கொட்டி, பெயர் சொல்லாமல் இதே கணக்கைக் கொடுத்திருக்கிறார். பாதி வகுப்பு அவர் செய்த அதே தவறைச் செய்ததாம். ஒரு சிறுமி மட்டும், “சார், மனைவிக்கு முதலில் கொடுத்து விட்டுப் பிறகு தாய்க்குக் கொடுத்தால் வேறு விடை வருகிறதே! முதலில் கை நீட்டுபவருக்கு அதிகமா?” என்று கேட்டாளாம். மனைவிக்கு 9, மிச்சம் 63-இல் ஆறில் ஒன்று பத்தரை. அவள் சொன்னது உண்மை. எஞ்சிய வகுப்பை அந்தச் சிறுமியே நடத்தினாள் என்று சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் எப்படி எழுதுவது?

இப்போது சதவிகிதப் பாடம் நடக்கிறது. கதைக் கணக்காக அவர் மல்லாட்டை மூட்டையை எடுத்திருக்கிறார். (மணிலாக் கொட்டை நம் பக்கத்து வாயில் மல்லாட்டை ஆயிற்று என்பார்கள்.) மூட்டை 80 கிலோ. விலை இவ்வளவு, கமிஷன் இவ்வளவு சதவிகிதம் என்று கரும்பலகையில் எழுதியதும், விவசாயி வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, “சார், மண்டியில் சாக்கு எடையையும் ஏற்றுக்கூலியையும் கழித்த பிறகு கமிஷன் பிடிப்பார்களா, கழிக்காமலா?” என்று கேட்டு விட்டானாம். அவருக்கு விடை தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வருகிற சனிக்கிழமை காலை இருவரும் திண்டிவனம் மண்டிக்குப் போய்க் கேட்டு வருவதாக இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.